கதவு வாங்கப் போன கதை

எனக்குப் பொறுமை கிடையாது. கடையில் ஒருத்தி பத்துச் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வாரேன்" என்று எழுந்து போனால் அன்றைக்குப் பூராவும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு காரைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். எல்லாம் என் அத்தாவின், அதாவது என்னைப் பெற்றவரின், வலது காலால் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை. மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்க ஏணியில் ஏறிய அத்தா கீழே விழுந்ததில் முட்டி நொறுங்கிப்போனது. ஆபரேசன் ஆகி எழுந்து நடந்துவிட்டார். ஆனால் முட்டி அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஆளோ ஆறடி. கம்பை ஊன்றிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் கடைக்குப் போய்விடுவார், பள்ளிவாசலுக்கும் போய்விடுவார். பஸ்ஸோ காரோ, வண்டியில் ஏறுவது என்றால்தான் வம்பு.

என் தங்கச்சியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்கள் புதுவீடு கட்டியதும் மச்சான் தன்னுடைய சின்னக் காரில் அத்தாவை அழைத்துப்போக வந்தார். அப்போது ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த அதே கார்தான். அத்தா குனிந்தார், தலை இடித்தது. உட்கார்ந்தார், கால் உள்ளே வரவில்லை. "காலைக் கொஞ்சம் சாய்ங்க", "இடுப்பைத் திருப்புங்க" என்று தெருவே யோசனை சொன்னது. நாலு பேர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே திணிக்கப் பார்த்தார்கள். ஜிப்பா கிழிந்ததுதான் மிச்சம். அத்தா எல்லோரையும் உதறிவிட்டு, "நான் வரல, போங்க" என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றோடு சரி. இரண்டு வருடம் மகள் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பஸ் ஏறினால் அரைமணி நேரம். "அவிய சொல்லக் கேக்காம நாங்களா வீடு கட்டிட்டோம்ல, அந்தக் கோவம்" என்று தங்கச்சி அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அத்தா வாயைத் திறந்து இல்லையென்றும் சொல்லவில்லை. காலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கம்பு பறக்கும். நடுவில் கிடந்து நான் லோல்பட்டேன். அத்தா மானம் கெடாமல் ஏறி இறங்க ஒரு கார் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தது அதனால்தான்.

அந்தச் சமயம்தான் கொரியாக்காரர்களின் கார் வந்து இறங்கியிருந்தது. அதிலும் விலை குறைந்த ஒரு சின்னக் கார் எங்கள் கைக்கு எட்டுவதாக இருந்தது. கூரை மட்டும் தூக்கலாக இருக்கும். "தலையில சோத்துப் பானையக் கவுத்த மாதிரில்ல இருக்கு" என்று என் சிநேகிதன் சிரித்தான். "கொரியாக்காரன் நாளைக்கே மூட்டையக் கட்டிட்டான்னா ஸ்பேருக்கு எங்கலே போவ?" என்றார் ஒரு பெரியவர். அவர் வாழ்நாளில் சைக்கிள்கூட வாங்கியவர் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இப்படி ஆளுக்கொன்று சொல்லக் கேட்டே ஆறு மாதம் ஓடிவிட்டது.

மதுரை ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் அத்தாவின் அளவு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இடுப்பிலிருந்து குதிகால் வரை எவ்வளவு, இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு. ஜவுளிக்கடைக்காரன் புத்தி, வேறு எப்படி ஓடும்? கேட்டால் ஏன் எதற்கு என்பார். அதனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் அயர்ந்து தூங்கும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்லத் தாளில் குறித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூப்பிட்டதால் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடையில் கல்யாணச் சேலையும் உண்டு, இறந்தவர்களைப் பொதியும் கபன் துணியும் உண்டு. தெருவில் யார் வீட்டில் மவுத்து என்றாலும் டேப்போடு போய் மையத்தை அளந்து, கடைக்குத் திரும்பி வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுப்பது நாங்கள்தான். படுத்திருக்கும் ஒரு மனிதரை நான் தலைமுதல் கால்வரை அளந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நீட்டி நிமிர்ந்து கிடக்கிற அத்தா, டேப்போடு நான், கண்ணீரோடு என் மனைவி. கிண்ணம் கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பூனையாக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கால்மணி நேரத்தில் வாசல் நிறைய ஆள். பக்கத்துக் கடைகளில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியை எடுக்க இரண்டு பேர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனும் போட்டுவிட்டான். இந்த அமளியில் அத்தா விழித்துக்கொண்டு, கம்பைத் தேடி எடுத்து, வாசலுக்கு வந்து நின்றார்.

"யாருலே மவுத்து?"

எதிர்வீட்டு மாமி "யா அல்லாஹ்!" என்று சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அத்தா என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. "எம்புட்டு கெஜம்லே வருது?" என்று கேட்டார் பாருங்கள், கூட்டம் வெடித்துச் சிரித்தது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

ஓடிப்போய்த் தங்கச்சிக்குப் போன் செய்தேன். "ஒண்ணுமில்லட்டி, அத்தா நல்லாத்தான் இருக்காவ" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓவென்று அழுதாள். அழுகை கோபமாக மாறியது. "மவுத்துன்னா நாங்க ஓடி வரணும். உசுரோட இருக்கையில அவிய ஒரு தடவ எங்க வாசல மிதிக்கக் கூடாதா?" என்று போட்ட சத்தத்துக்கு ரிசீவரே தேவையில்லை. பக்கத்தில் நின்ற அத்தாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று அம்மா சொன்னார்.

மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினேன். ஊர் ஓட்டுகிற சின்னக் காரை முதலில் அளந்தேன். எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அடுத்துக் கொரியாக் கார் ஷோரூம். அங்கிருந்த விற்பனையாளர் மைலேஜ் என்றார், ஏசி என்றார், பவர் ஸ்டியரிங் என்றார். நான் முன்கதவைத் திறந்துவைத்து மேலிருந்து கீழே அளந்தேன், சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன், சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே கால்நீளத்தை அளந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில், "சார், நீங்க கார் வாங்க வந்தீங்களா, கதவு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"கதவுதான் வேணும். கூட வர்ற காரையும் எடுத்துக்கிடுவேன்" என்றேன். பாவம், நல்ல மனுஷன். அடுத்த வியாழக்கிழமை அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

தெருவில் மறுபடியும் ஆள் கூடியது. அத்தா எல்லோரையும் முறைத்தார். "ஒருத்தன் கை என் மேல படக் கூடாது." முன்கதவைத் திறந்துவிட்டு நான் விலகி நின்றேன். அவர் காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டைக் கையால் தடவிப் பார்த்து, மெள்ளப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். குனிய வேண்டியிருக்கவில்லை, சீட் அந்த உயரத்தில் இருந்தது. அப்புறம் இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நீட்டிய கால் இடிக்காமல் நின்றது.

"செத்த நேரம் சுத்திட்டு வரலாங்களா?" என்று கேட்டார் விற்பனையாளர். தெருமுனை வரைக்கும் என்று அவர் நினைப்பு.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடுங்க தம்பி" என்றார் அத்தா.

நூல்மில் தாண்டி நூல்மில்லாக ஓடியது வண்டி. பின்சீட்டில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, வாய் திறந்தால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். தங்கச்சி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் வெளியே வந்தாள். முன்சீட்டில் அத்தாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருத்தா உங்களத் தூக்கி ஏத்துனா?"

"எவனும் ஏத்தல. நானா ஏறுனேன், நானாத்தான் எறங்குவேன். தள்ளி நில்லு."

இறங்கினார். கம்பை ஊன்றி வீட்டுக்குள் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். அடுப்படி ஜன்னல் சின்னது என்று ஒரு குறையும் சொன்னார். தங்கச்சியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "வீடு கட்டுனது பிடிக்கலன்னுதான ரெண்டு வருசமா வரல?"

அத்தா நின்றார். "பிடிக்காம என்னட்டி? உன் மாமியா வீட்டு ஆளுக பாக்க, என்னைய நாலு பேரு தூக்கி இந்த வாசல்ல எறக்கணுமாக்கும்? நாலு பேரு தூக்குறது ஒரு மனுசனுக்கு ஒரு தடவதான். அது வரைக்கும் உன் வீட்டுக்கு நான் நடந்துதான் வருவேன்."

"இதச் சொல்ல உங்களுக்கு ரெண்டு வருசமாத்தா?" என்று அவர் நெஞ்சில் சாய்ந்து அழுதாள் தங்கச்சி. நானும் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம். அத்தா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "சோறு ஆக்கிட்டியா?" என்று கேட்டார்.