சிறுவயல் சாலையில் ஒரு கேள்வி

என் வீட்டுக்காரர் வரலாற்று வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு சிறுவயலுக்குப் போய்விடுவார். இருநூறு வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்காரக் கும்பினிப் படை வந்து தங்கிவிடக் கூடாதென்று அந்த ஊர்க்காரர்களே தங்கள் வீடுகளுக்குத் தீ வைத்தார்களாம். அங்கிருந்து காளையார்கோவில் வரைக்கும் அப்போது காடு. படை வாரக்கணக்கில் மரம் வெட்டியும் பாதை போட முடியாமல் திரும்பியது. பிறகு வேறு வழியாக வந்துதான் கோயிலைப் பிடித்தது. இதைச் சொல்லும்போது, தோற்ற செய்தி அன்று காலையில்தான் வந்ததுபோல் அவர் குரல் கம்மிவிடும்.

கடைசியில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "நீயா இருந்தா நம்ம வீட்டுக்குத் தீ வைப்பியா?"

எனக்குக் கோபம் வந்துவிடும். "பாத்துப் பாத்துக் கட்டுன வீட்டுக்கா? நல்லாத்தான் கேக்குறீக! வெயிலு மண்டையப் பொளக்குது, வண்டிய எடுங்க."

அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது பஸ்ஸில் தனியாகப் போகிறேன். அவர் நிறுத்தும் இடம் எதுவென்று தெரியவில்லை, இருபுறமும் சீமைக்கருவேலம்தான். திரும்பி வந்தால் வீடு, துடைத்துவைத்தது துடைத்துவைத்தபடி இருக்கிறது.

இன்னொரு தடவை கேளுங்க. வண்டியோட நீங்க வாசல்ல நிப்பீகன்னா, தீய வச்சுட்டு வந்து பின்னால ஏறிக்கிருவேன்.