எதிர்க்கூடைக் கல்

கழுதையைக் கட்டாமல் கோரோ எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டான். முதலில் சுவர் வளையத்தில் கயிறு. பிறகு கழுதைக்கு ஒரு வாளித் தண்ணீர். அதன் பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம். கழுதைக்கு அவன் வைத்திருக்கும் பெயர் மடாதிபதி. "மெதுவா நடப்பாரு, நல்லாச் சாப்பிடுவாரு, ஊரார் சுமைக்குப் பெருமூச்சு விடுவாரு" என்று காரணம் சொல்வான். தெருவில் சாமியார் யாராவது போனால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

போன செவ்வாய்க்கிழமை, காலைப் பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கழுதை இல்லாமல் வந்தான். கதவைத் திறந்தவன் நான்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தேன். வளையம் காலியாக இருந்தது. அவன் வாய் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.

தெஸ்ஸா என் மூத்த மகள். இரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பிளாரன்சில் எங்கள் தெருவில் யாரும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பாலூட்டுவதில்லை; கூலிக்குப் பால் கொடுக்கும் மலைப் பெண்களிடம் அனுப்பிவிடுவார்கள். மலையில் காற்று நல்லது, பெண்கள் உரமானவர்கள் என்பார்கள். பால் கொடுப்பவள் கோரோவின் மனைவி நென்சா. ஆனால் பேச்சு வார்த்தை எல்லாம் அவனோடுதான். ஏற்றிக்கொண்டு போவதும் இறக்கிக்கொண்டு வருவதும் அவன்தான். தெஸ்ஸா பிறந்த எட்டாம் நாள் வந்தான். கழுத்திலிருந்து கால்வரை துணிப்பட்டையால் இறுகச் சுற்றி, கண்ணேறு படாமலிருக்கப் பவளமணி ஒன்று கோத்துக் கழுத்தில் போட்டு, அவன் கையில் கொடுத்தோம். அவன் அவளை இடது கையில் ஏந்திக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தான். எதற்கென்று புரியாமல் நானும் பின்னால் போனேன்.

கழுதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கூடைகள். ஒன்றில் பிள்ளை போனால் மற்றதில் அதே கனத்துக்கு ஏதாவது போகவேண்டும். "இல்லன்னா மடாதிபதி சாஞ்சி சாஞ்சி நடந்து, மூணாவது வளைவுல நம்மளப் பள்ளத்துல தள்ளிடுவாரு." அதற்காக ஆற்றில் கல் பொறுக்குவான். இடது கையில் பிள்ளை, வலது கையில் கல். கண்ணை மூடி, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பான். "இது பீத்தக் கல்லு, உருவத்துக்குக் கனமில்ல." தூக்கி எறிவான். இன்னொன்று. துணிக்கடைக்காரர் ஒருவர் தராசு கொடுத்தனுப்புகிறேன் என்றபோது, "தராசு உப்புக்குங்கய்யா. புள்ளைக்குக் கைதான்" என்றானாம். கல் உருண்டு கூடையைக் கிழிக்காமலிருக்க வைக்கோல் சுற்றிக் கயிறு கட்டுவான். பிள்ளையைச் சுற்றியிருப்பதைப் போலவே இருக்கும். பாதி வழியில் ஊற்றடியில் இளைப்பாறும்போது பிள்ளையை இறக்கி நிழலில் வைத்தால் கல்லையும் இறக்கிப் பக்கத்தில் வைப்பான்.

மலை வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி அந்தக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. போன திராட்சை அறுவடையின்போது போனேன், ஒவ்வொன்றாகக் காட்டினான். "இது கம்பளிக்காரர் வீட்டு மூத்தது. மேல வந்தப்ப இந்தா, இம்மாங்கல்லு. எறங்கினப்ப பாருங்க." பக்கத்திலேயே பூசணிக்காய் பருமனில் ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கல். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. சில சிறிய கற்கள் மட்டும் துணையில்லாமல் தனியாக நின்றன. அவற்றின் பெயரையும் அவன் தயங்காமல் சொன்னான்.

அவனுக்கும் நென்சாவுக்கும் பிறந்தவை ஐந்து. இருப்பது ஒன்று. தெஸ்ஸா மலைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பு இறந்த பையனின் பாலைத்தான் அவள் குடித்தாள். சொந்தப் பிள்ளைகளுக்குக் கல் உண்டா என்று அறியாமல் கேட்டுவிட்டேன். "எங்க கொண்டுபோகப் போறேன், கல்லு எடுக்க?" என்றான்.

அந்த அறுவடை நாளில் தெஸ்ஸா நடக்கத் தொடங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அவன் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா, அப்பா" என்று அவனைத் தட்டினாள். கோரோவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவளைத் தூக்கி என் பக்கம் திருப்பி, "அடி கழுத, அவருதான் அப்பா. பட்டணத்து அப்பா. நான் கழுதக்காரன். சொல்லு, கழுதக்காரன்" என்றான். தெஸ்ஸா சற்று யோசித்துவிட்டு, என்னை நோக்கி விரலை நீட்டி, "கழுதக்கான்" என்றாள். திராட்சை மிதித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நென்சா முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோரோ மட்டும் சிரிக்கவில்லை. கீழே இறங்கும் வழியெல்லாம் என்னிடம், "சின்னப்புள்ளதான, பட்டணத்துக்கு வந்து நாலு நாள் இருந்தா மாறிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

தவக்காலத்தில் அவனே வந்து கேட்டான். "பால் மறந்துட்டாங்கய்யா. ரொட்டிய நனைச்சுக் குடுத்தா முழுங்குறா. கொண்டாந்து விட்டுடட்டுமா?"

என் மனைவி பியேரா மறுபடி கருவுற்று, வாந்தியும் மயக்கமுமாகப் படுத்திருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைப் பார்த்து ஒளிந்துகொள்ளும் பிள்ளையை நாள் முழுக்க வீட்டில் வைத்திருக்க அஞ்சினேன் என்பதும் உண்மை. "யோவான் திருநாள் வரை இருக்கட்டும்" என்றேன். கோடையில் வரும் அந்தத் திருநாளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது.

"சரிங்கய்யா." தொப்பியைத் தலையில் வைத்தவன் மறுபடி எடுத்தான். "இருக்க இருக்கக் கல்லு கனக்கும். அவ்வளவுதான்."

அது கழுதைக்காரனின் கவலை என்று எடுத்துக்கொண்டேன். பொலோனாவில் ஏழு வருஷம் சட்டம் படித்துவிட்டு, ஊரார் மரணசாசனங்களை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொடுப்பவன் நான்.

செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றபடியே சொன்னான். மூன்று நாள் காய்ச்சல். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். வெயில் காலம் என்பதால் முந்தின நாள் மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். பவளமணியைத் தொப்பிக்குள்ளிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சாட்சியைக் கேட்பதுபோல நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த வேளை? யார் பக்கத்தில்? "என் மடிதாங்கய்யா."

"யாரையாவது கேட்டாளா?"

தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "ஐயாவத்தான் கேட்டா."

என்னை அவள் கண்டது, நினைவு தெரியாத நாளையும் சேர்த்து, மூன்றே முறை. கோரோவுக்குப் பொய் சொல்ல வராது. அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அவனோடு கிளம்பினேன்.

பாதி வழியில் ஊற்றடியில் இளைப்பாறினோம். அங்கே உட்கார்ந்ததும் அவன் கேட்டான்: "ஐயா, பெரிய கோவில்ல ஞானஸ்நானம் குடுக்கிறப்ப சாமியார் பெட்டியில மொச்சை போடுவாருல்ல? ஆம்பளப் புள்ளைக்குக் கறுப்பு, பொம்பளப் புள்ளைக்கு வெள்ளை."

"ஆமாம்."

"புள்ள போயிட்டா அத எடுத்துடுவாங்களா?"

"எடுக்கமாட்டார்கள். பிறந்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள்."

"அப்ப நம்ம புள்ளையோடது உள்ளதான் கெடக்கு" என்றான். நம்ம புள்ள என்று சொன்னது காதில் விழுந்ததும் அவனே திடுக்கிட்டு, "ஐயா புள்ளையோடது" என்று திருத்தினான். திருத்த வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எழுந்து நடந்துவிட்டான்.

கல்லறையைக் காட்டினான். வீட்டுக்கு அழைத்துப்போனான். நென்சா உள்ளே இருட்டில் நின்றாள், வெளியே வரவில்லை. எப்போதும் வாசலுக்கு வரும் எவருக்கும் சுவரோரக் கற்களைக் காட்டாமல் விடமாட்டான் கோரோ. அன்று சுவர்ப் பக்கம் திரும்பாமலே, மடாதிபதிக்குத் தண்ணீர் வைக்கக் கொட்டிலுக்குப் போனான்.

நான் பார்த்தேன். வரிசையின் கடைசியில், நான் ஆற்றங்கரையில் பார்த்த அந்தச் சிறிய கல் இருந்தது. அதன் பக்கத்தில், அவள் இறங்கும்போது வைக்கவென்று பெரிய கல் ஒன்று, கழுவித் துடைத்து. யோவான் திருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பாதிக் கல்லுக்குத்தான் வைக்கோல் சுற்றியிருந்தது. கயிற்றின் ஒரு முனையை நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். மறுமுனை முடியப்படாமல் தரையில் கிடந்தது.