ஆடியில் பற்ற வைத்த அடுப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். காகிதத்தில் பேசினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு வேலையும் கேட்கப்போகிறேன்.

ஓசூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து கட்டிய வீடு. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. பிள்ளை கிடையாது. மாடி அறையில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. முதலில் யாரையோ கூப்பிடுகிறாள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அவள் கம்பெனியில் மேல் வேலைக்கு இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்று படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே சத்தமாகச் சொல்வாள். ஸ்டார்ட், பிகின், கமென்ஸ். மறுபடியும் ஸ்டார்ட், பிகின், கமென்ஸ். கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கே பாடமாகிவிட்டது.

"எல்லாம் ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆரம்பிக்கதுதான் ஆச்சி."

"ஒரே வேலைக்கு எதுக்கு இத்தன பேரு?"

"பெரிய ஆளு ஆரம்பிச்சா கமென்ஸ். நம்மள மாதிரி ஆளு ஆரம்பிச்சா ஸ்டார்ட்" என்று சொல்லிச் சிரித்தாள். "இதுக்கு எதிர்ப்பதமும் இருக்கு. ஸ்டாப், எண்ட், ஃபினிஷ், க்ளோஸ்."

அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு. நம்மிடம் மட்டும் குறைச்சலா? ஆரம்பி, தொடங்கு, பிள்ளையார் சுழி போடு, போணி பண்ணு, பால் காய்ச்சு, பந்தக்கால் நடு. பக்கத்து வீட்டுப் பூக்காரி தளிப் பக்கத்துக்காரி, கன்னடத்தில் ஷுரு மாடு என்பாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் மொதலு பெட்டு என்பார்கள். இந்த ஊரில் எந்தக் காரியத்தையும் மூன்று பாஷையில் ஆரம்பிக்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் மூன்று பாஷையிலும் ஆள் இருக்கிறது. பேடா, வத்து, வேணாம்.

அவர் போன பிறகு எனக்கென்று யாரும் முதல் வகை வார்த்தையைச் சொன்னதில்லை. எல்லாம் எதிர்ப்பதம்தான். போதும், விடுங்க, ஓரமா இருங்க, இனிமே என்ன. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு முழு நாளும் மசாலா அரைத்துக் கொடுத்தேன். நலங்கு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, ஸ்டோர் ரூமில் தேங்காய் எடுத்து வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தேங்காய் ஏற்கெனவே எடுத்து வைத்தாகிவிட்டது. அது எனக்கும் தெரியும், அனுப்பியவர்களுக்கும் தெரியும்.

எங்கள் சந்து முனையில்தான் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். விடிகிற நேரத்தில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஏறிப் போவார்கள். "நீங்க இட்லி ஊத்துனா நாங்க பூராப் பேரும் இங்கதான் ஆச்சி" என்று அந்தப் பெண் சொன்னாள். ரோட்டைப் பார்த்த முன் அறை எனக்குச் சும்மாதான் கிடந்தது. டிபன் கடை போடலாம் என்று முதல்முதலாக நானே நினைத்தேன்.

ஆனி மாதத்தில் ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். பெரிய அடுப்பு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அது வந்த அன்று பூக்காரி எட்டிப் பார்த்து, "ஆஷாடா பந்துபிடுத்து. ஈக பேடா. ஒந்து திங்களு ஆகலி" என்றாள். ஆஷாடம் பிறந்துவிட்டது, இப்போது வேண்டாம், ஒரு மாதம் போகட்டும் என்று அர்த்தம். கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் அது ஆகாத மாதம். சரி, அக்கம்பக்கத்தார் மனசு நோகக் கூடாது என்று அடுப்பைச் சாக்குப் போட்டு மூடினேன்.

அவர்கள் ஆஷாடம் முடிவதற்குள் நம் ஆடி பிறந்துவிட்டது. ஆடி அமாவாசையோடு அவர்களுக்கு நல்ல மாதம் வந்துவிடும். நமக்கோ ஆவணி வரைக்கும் ஆகாது. இந்த எல்லையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு பஞ்சாங்கத்தின் கெட்ட மாதமும் உண்டு. இரண்டுக்கும் பயந்தால் ஒன்றரை மாதத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்குள் குருபரப்பள்ளியில் டிபன் வண்டி வைத்திருக்கிற ஒருவர் வந்து எங்கள் முனையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆவணி முதல் தேதி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தப்போவதாகப் பூக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் முந்திக்கொண்டால் பிள்ளைகள் அங்கே பழகிவிடுவார்கள். பிறகு எனக்குக் கடை ஏது? கடை இல்லையென்றால், தனியாக இந்த வீட்டில் எதற்கு என்ற கேள்வி வரும். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது.

கேட்டது என் கொழுந்தனார். கெலமங்கலத்தில் தக்காளி, பீன்ஸ் போடுகிறவர். நல்ல மனுஷன். அண்ணன்மேல் உயிர். ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குப் படையல் போட வந்தார். படைத்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"அண்ணி, இந்த வயசுல கடை என்னாத்துக்கு? முன் ரூம வாடகைக்கு விட்டுட்டு எங்க வூட்டுக்கு வந்துருங்க. ஒரு வாய் சோறு இல்லன்னா சொல்லப்போறோம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்படியே தொறக்கணும்னாலும் ஆவணி பொறக்கட்டும். எங்கூட்டுக்காரி வந்து அடுப்பு பத்த வெப்பா. நீங்க உள்ளாற இருங்க. மொதமொதல்ல பத்த வெக்கிறது... உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். நன்றாகவே தெரியும். படியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மாமா, ஆடின்னு எங்க வேன் வராமலா இருக்கு? மெஷின் ஓடிக்கிட்டுதான கெடக்கு" என்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து மேலே போய்விட்டாள்.

காலையிலேயே அரிசி ஊறப்போட்டிருந்தேன். சாயங்காலம் கிரைண்டரைப் போட்டேன். அது வெகுநேரம் ஓடியது.

"எதுக்கு அண்ணி இவ்ளோ மாவு?"

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். விடிவதற்கு முன் எழுந்து மாவுப் பாத்திரத்தைத் திறந்தேன். மாவு பொங்கவே இல்லை. வைத்தது வைத்தபடி கிடந்தது. ஓசூர்க் குளிரில், அதுவும் ஆடிக் காற்றில், போர்த்தி வைக்காத மாவு பொங்காது என்று இத்தனை வருஷம் இங்கே குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் மறந்துவிட்டேன். கொழுந்தனார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இதான் ஆடி."

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆடி இல்லீங்க, குளிரு. ஆடியில நீங்க வெத போடலியா? அது ஆரம்பம் இல்லியா?"

"அது மண்ணு அண்ணி."

"இது மாவு. இட்லி வராட்டி தோசை வரும்."

அடுப்புமேல் கிடந்த சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டேன். விடிந்தால் கடை திறக்கிறேன் என்று முதல் நாள் பூக்காரியிடம் சொல்லியிருந்தேன்; குங்குமம் வைத்துக்கொண்டு வந்து தானே பற்ற வைப்பதாகச் சொன்னாள். அவர்களுக்கு அன்றைக்கு ஷ்ராவணம் என்கிற நல்ல மாதம் பிறந்துவிட்டது, அவள் கை ராசியான கை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் தீப்பெட்டி என் கையில் இருந்தது. யாருக்காக நான் நிற்க வேண்டும்? வெந்நீர் போட, படையலுக்குச் சோறு பொங்க, இத்தனை பேருக்குச் சமைக்க இந்தக் கை ஆகும். எனக்கென்று ஒரு அடுப்பைப் பற்ற வைக்க மட்டும் ஆகாதா?

"அண்ணி, நீங்க வேணா..." என்றார். அந்த வார்த்தையை அவர் முடிப்பதற்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.

பூக்காரி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஒலெ ஹச்சிபிட்டியா?" என்றாள். பற்ற வைத்துவிட்டாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு அந்தச் சரத்தை மாவுப் பாத்திரத்தின் கழுத்தில் சுற்றிவிட்டு, "நங்கெ எரடு தோசெ" என்றாள். தனக்கு இரண்டு தோசையாம். அதுதான் எனக்குப் போணி.

முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. திருநெல்வேலிப் பெண் அதைப் பிய்ந்தபடியே வாங்கிச் சட்னியில் தொட்டுத் தின்றாள்.

"ஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இது ஸ்டார்ட் இல்ல ஆச்சி. கமென்ஸ்" என்றாள். வேன் ஹாரன் அடித்தது. மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

கொழுந்தனாருக்கும் ஒரு தட்டு வைத்தேன். தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். வருவார், பேசுவார், அண்ணன் படத்துக்குக் கும்பிடு போடுவார். ஆனால் என் கடையில் இன்றுவரைக்கும் அவர் கை நனைக்கவில்லை. எனக்கு வருத்தம் உண்டு. அதற்காகக் கடையை மூடுகிற அளவுக்கு இல்லை.

மறுநாளிலிருந்து மாவுப் பாத்திரத்துக்கு என் வீட்டுக்காரரின் வாட்ச்மேன் ஸ்வெட்டரைப் போர்த்தினேன். பெட்டியில் சும்மா கிடந்த ஸ்வெட்டர். மாவு பொங்கி வழிந்தது.

ஆவணியில் குருபரப்பள்ளிக்காரர் வண்டியோடு வந்தார். முனையில் என் பெஞ்சைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டார். அவர் பூரி போடுகிறார், நான் இட்லி ஊற்றுகிறேன். சில்லறை மாற்றிக்கொள்வோம். ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து கடையைச் சாத்தினேன். ஆடியில் ஆரம்பித்ததால்தான் என்று தெருவே பேசியது. காய்ச்சல் விட்டதும் மறுபடி திறந்தேன். மார்கழி வந்தது, மார்கழியும் ஆகாது என்றார்கள். ஆகாத மாதங்களைக் கழித்துவிட்டால் வருஷத்தில் எனக்கு என்னதான் மிஞ்சும்? இப்போதெல்லாம் கேட்கிறேன், சத்தமாகவே.

இனி அந்த வேலை. இங்கிலீஷ் வார்த்தைகளை அந்தப் பெண் சொன்ன வரிசையில்தான் எழுதினேனா என்று தெரியவில்லை. அவள் மேல் வேலை கிடைத்து வேறு அறைக்குப் போய்விட்டாள். பூக்காரியின் கன்னடத்தை என் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். ஆஷாடம் அந்த அமாவாசையோடு முடிந்ததா, நான் ஒரு நாள் முந்திவிட்டேனா என்பதும் நிச்சயமில்லை. விவரம் தெரிந்த யாராவது பஞ்சாங்கத்தைப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அடுப்பைப் பற்ற வைத்தது யார் என்று எழுதிய இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.