சிவப்புத் துண்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் டீ குடிக்க நிற்கிறேன். நகராட்சியின் கடைசி வார்டு இது. நாலுவழிச் சாலை அதை இரண்டாக வெட்டிப்போட்டிருக்கிறது.

"வீடுங்க இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். ஓட்டு கேட்டு வர்றவங்க எல்லாருமே சப்வே கட்டித் தர்றோம்னு சொல்லிக்கினுதான் இருக்காங்க" என்கிறார் கடைக்காரர்.

பாடை ஒன்று வருகிறது. சாலை ஓரத்தை எட்டியதும் மேளம் நின்றுவிடுகிறது.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

"ஹாரன் சத்தம் காதுல விழணுமில்லங்க."

தூக்கி வந்தவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. அந்தக் காற்றில் மாலைப் பூக்கள் உதிர்கின்றன. யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்துகிறார். "எந்தச் சாவுன்னாலும் ஏழுமலை அண்ணன்தாங்க செவப்புத் துண்டக் காட்டி வண்டிய நிறுத்துவாரு. அந்தப் பழக்கத்துல நின்னுட்டாங்க." குரல் இறங்குகிறது. "இன்னிக்கு அவரத்தாங்க தூக்கிக்கினு வந்திருக்காங்க."

சுடுகாட்டுக்குப் போகாமல் தெருமுனையில் நின்றுவிட்ட பெண்களிடமிருந்து ஒரு அம்மா விலகி வருகிறார். கையில் சிவப்புத் துண்டு.

"அவரு சம்சாரம்" என்கிறார் கடைக்காரர்.

அந்த அம்மா சாலையில் இறங்கி, இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடிக்கிறார். ஒரு லாரி கிறீச்சிட்டு நிற்கிறது. பின்னால் எல்லாம் நிற்கின்றன.

"ஜல்தியா கூட்டிக்கினு போங்க!" என்று கத்துகிறார்.

பாடை அந்தப் பக்கம் ஏறி மறைந்த பிறகும் துண்டை இறக்கவில்லை. லாரிக்காரரும் ஹாரன் அடிக்கவில்லை.