பதினெட்டுக்கு ஆமாம்

கிளைன்ராடோ ஊரில் ரோஸ்வித்தாவைத் தெரியாதவர் கிடையாது. மஞ்சள் சைக்கிளில் தபால் கொண்டுவருகிறவள். யார் வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனைப் பெட்டியோடு அனுப்பிவைத்தாள். அதற்காக உட்கார்ந்து அழவும் இல்லை. வியாழக்கிழமை மாலை ஊர் மதுவிடுதியில் நண்பர்கள் லோதரோடும் ஃபோல்க்மாரோடும் ஸ்காட் சீட்டாட்டம் இருந்தால் போதும், மற்றது எக்கேடு கெட்டால் என்ன என்பாள்.

அந்த ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஈ ஓட்டலாம், அவ்வளவுதான். சீட்டைப் பிரித்ததும் ஏலம் பதினெட்டில் தொடங்கும், அடுத்தது இருபது, அப்படியே ஏறும். ஒருவன் எண்ணைச் சொல்ல, எதிராளி தாக்குப்பிடிப்பதென்றால் "ஆமா" என்பான். ஃபோல்க்மார் "பதினெட்டு" என்று வாயைத் திறந்தால், லோதர் தன் சீட்டைப் பார்க்காமலே "ஆமா" என்பான். பழக்கதோஷம்.

பிறகு காற்றாலை வந்து கெடுத்தது. ஃபோல்க்மார் தன் வயலைக் காற்றாலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாகச் சொன்னான். பழுப்பு நிலக்கரி மின்நிலையத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் லோதர், கையிலிருந்த சீட்டை மேசைமேல் அறைந்தான்.

"நவம்பர்ல காத்தே அடிக்காதே, அப்ப உன் விசிறி என்னத்தடா சுத்தும்?"

"ஒங்க கரித்தூளு படிஞ்சு என் பொண்டாட்டி காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போச்சு. அதப் பேசு மொதல்ல!"

"அந்தக் கரியிலதான்டா உன் வீட்டு பல்பு எரிஞ்சுது, நன்றிகெட்டவனே!"

அதோடு இருவரும் விடுதிப் பக்கம் தலைகாட்டவில்லை. ரோஸ்வித்தா தனியாக பீரை வைத்துக்கொண்டு கைபேசியில் ஆடிப்பார்த்தாள். "இதுகூட ஆடினா தோத்ததுக்கு யாரத் திட்டறது?" என்று மூடிவைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த இரண்டு தடியன்களை விட்டால் அவளுக்கென்று ஊரில் ஒரு நாதி இல்லை.

காற்றாலையைப் பற்றி முடிவெடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை அதே விடுதியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். லோதரும் ஃபோல்க்மாரும் ஆளுக்கொரு மூலை பார்த்தார்கள். ரோஸ்வித்தாவா விடுவாள்? இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து தன் இரண்டு பக்கமும் உட்காரவைத்தாள். லோதர் கூட்டத்தைக் கவனிக்கவே இல்லை. அவள் காதில் புலம்பிக்கொண்டே இருந்தான்.

"மொத்தம் எத்தனை காத்தாலை?" என்று ஊர்த்தலைவி கேட்டாள்.

ஃபோல்க்மார் எழுந்தான். "பதினெட்டு."

"ஆமா!" என்றான் லோதர், தலையைக்கூடத் திருப்பாமல்.

ஃபோல்க்மாருக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கமாட்டாமல், "இருபது?" என்றான்.

"ஆ..." லோதர் வாயைப் பொத்திக்கொண்டான்.

கூடமே வெடித்தது. "எழுதிக்கோங்கம்மா, இருபதுக்கு லோதர் சம்மதம்!" என்று யாரோ கத்தினார்கள். லோதர் காதுவரை சிவந்து எழுந்தான். போச்சு, இனி இவன் இந்த வாசலையே மிதிக்கமாட்டான் என்று ரோஸ்வித்தா அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

ஆனால் அவன் போகவில்லை. "சிரிங்க, நல்லாச் சிரிங்க. காத்தாலை வரத்தான் போகுது, அது எனக்கும் தெரியும். வரட்டும். ஆனா கரியில வேலை பாக்குற எங்களைத் திருட்டுப்பசங்க மாதிரி பேசாதீங்க. ஊரே போர்த்திட்டுத் தூங்குறப்ப அந்தக் கொதிகலன் அணையாம பாத்துக்கிட்டவன் நான். ஒருத்தராவது நன்றின்னு சொல்லியிருக்கீங்களா?"

அப்போது ஃபோல்க்மார் விரல்முட்டியால் மேசையைத் தட்டினான். இங்கே மனதாரப் பாராட்டுவதென்றால் அப்படித்தான். ரோஸ்வித்தா தட்டினாள். பக்கத்து மேசை தட்டியது. பிறகு கூடம் முழுக்கத் தட்டியதில் குவளைகள் குதித்தன.

வாக்கெடுப்பில் லோதர் எதிர்த்துத்தான் கைதூக்கினான். அந்த வீம்பு எங்கே போகும்! தீர்மானம் என்னவோ நிறைவேறிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ரோஸ்வித்தா கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை" என்றான் ஃபோல்க்மார்.

"இருந்துட்டுப் போகட்டும். உக்காரு."

இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் சீட்டைப் பிரித்துப் போட்டாள். இரண்டு சீட்டுகள் நழுவித் தரையில் விழுந்தன.

"என்ன ரோசி, அழுறியா?" என்று குனிந்து எடுத்தபடியே லோதர் கேட்டான்.

"கீழ எடுக்குற சாக்குல என் சீட்டப் பாக்காதடா, திருட்டுப்பயலே" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமலே.