அம்மா நடந்த நாற்பது எட்டு

அவித்த நெல்லைப் பரப்பிய சிமெண்டுக் களத்தில் அம்மாவின் கால்கள் கிழித்துச் சென்ற நேர்கோடுகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரிசி மில் அது. நெல் சீராகக் காய்வதற்காக வெறுங்காலால் அதைத் தள்ளிக் கிளறிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாற்பது எட்டு வைத்து நடப்பாள். திரும்பி நாற்பது எட்டு வருவாள். மில்லுக்குள்ளேயே எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்.

ஒன்பதாம் வகுப்பில் இடப்பெயர்ச்சிப் பாடம் நடந்த வாரம், களத்தோரம் நின்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: எவ்வளவு தூரம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். திரும்பி நடக்கும்போது வேகம் அதேதான். திசைவேகம் மட்டும் எதிராகிவிடும்.

கூட நெல் கிளறிய பெரியம்மா சிரித்துவிட்டாள். "தோ பார்றா! உங்கம்மா காலைலேர்ந்து சும்மா குந்திகினு இருந்தாளாம்டி!"

அம்மா சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கோடியிலயே நின்னுட்டா?"

"நாப்பது எட்டு, கெழக்கால."

அன்று முதல், காலையில் தொடங்கிய கோடியில் அம்மா வேலையை முடிப்பதே இல்லை. எதிர்க்கோடியில் நிறுத்துவாள், மறுநாள் அங்கிருந்தே தொடங்குவாள். தினமும் கொஞ்சம் தூரம் சேர்கிறது என்று அவளுக்கு நினைப்பு. "பாப்பா வேலைக்குப் போவட்டும், நான் இந்தக் களத்த வுட்டே போயிருவேன்" என்று எல்லோரிடமும் சொல்வாள். இரண்டாம் நாள் மாலை அவள் நின்றது, முதல் நாள் புறப்பட்ட அதே இடம். எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

இயற்பியலில் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன். அந்தச் சான்றிதழ்களை எடுத்தால் இன்றும் தலை நிமிர்கிறது. வேலைதான் வரவில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் ஏறிப் போய், மாலையில் அதே அறைக்குத் திரும்பினேன்.

போன மாதம் அம்மாவின் பாதத்தில் சர்க்கரைப் புண். இனி நடக்கவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீட்டிலிருந்து களத்துக்கு ஆள் வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார் மேஸ்திரி. நான் போகிறேன் என்றேன்.

இந்த வேலையின் பக்கமே அம்மா என்னை விட்டதில்லை. நெல்லில் கால் வைத்தால் அடிக்க வருவாள். மறுநாள் காலை நான் கிளம்பும்போது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொன்னாள்: "குதிகால ஊனாத பாப்பா. வெரலால தள்ளிகினே போ. அப்பதான் கொப்புளம் போடாது."