ஆணியில் தொங்கும் கைப்பம்பு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சைக்கிள் கைப்பம்பு ஆணியில் தொங்குகிறது. சைக்கிள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பம்பை மட்டும் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

என் வீட்டுக்காரர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். எனக்கு அங்கேயே செக்கிங் மேசையில் வேலை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும், முதலாளி மகன் ஓட்டிச் சலித்த ரேஸ் சைக்கிள் அவருக்குக் கிடைத்தது. மெல்லிய டயர். பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் ஓரம் தேய்ந்திருந்தது. புது டயர் மாட்டிய கடைக்காரர் என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்: "டயர்ல போட்டிருக்கற நம்பரு டயர் தாங்கறதுங்க. இந்த ரிம்மு அத்தனை தாங்காதுங்க. கொறைச்சே அடிங்க. முன் சக்கரத்துக்கு இன்னுங் கொஞ்சம் கொறைச்சலா." அன்றிலிருந்து இவர் கைப்பம்பில் எண்ணி அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

மேனேஜருக்கு அது வேடிக்கை. "ஏனுங்க, டயருக்கு நாடி புடிக்கறீங்களா? பஞ்சு ஊதற காத்து சும்மாதானே கெடக்குது!" மிஷினில் படியும் பஞ்சை ஊதும் கம்ப்ரசர் குழாயில்தான் அங்கே எல்லோரும் சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் மேனேஜரே குழாயைப் பிடித்து, டயரில் போட்டிருந்த நூறு என்ற எண்ணுக்குக் குழாயின் அளவு முள் வரும்வரை இரண்டு சக்கரத்துக்கும் அடித்தார். "போதுங்க, போதுங்க" என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சொன்னது எனக்கு வாய்வரை வந்தது. அத்தனை ஆம்பளைகள் நடுவே பேசக் கூச்சம். மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் முன் ரிம் பிளந்துகொண்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. அறுந்த நூலை முடிச்சுப் போட அந்தக் கை விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. மிஷின் ஓட்டியவர் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். மேனேஜர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, "பழைய சைக்கிளுங்க, என்ன பண்றது" என்றார். ஒரு சுளையைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. தெருவில் போன மாட்டுக்குப் போட்டேன்.

இவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அந்த மேனேஜர் பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். இப்போது அவரே முதலாளி. பம்பைப் பார்த்து, "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். "அந்த ரிம்மு தாங்காதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. நீங்க அடிச்சீங்க. நான் பாத்துட்டு நின்னேனுங்க" என்றேன். வாழ்நாளில் ஓர் ஆம்பளையிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான்.

அவர் பத்திரிகையைத் தட்டில் வைத்துவிட்டு, "அதை அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம். அவர் போனபின் பம்பை எடுத்து வெளியே எறியப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பி, அதே ஆணியில் மாட்டினேன்.